உன் போனுக்கு மட்டும் நெட் இல்லை

அம்மா,

போன வாரம் பெய்த மழையில் பக்கத்தில் எங்கோ இடி விழுந்து எங்கள் தெருவுக்கே நெட் போய்விட்டது. மறுநாள் மற்ற வீடுகளுக்கெல்லாம் வந்துவிட்டது, எனக்கு மட்டும் வரவில்லை. கம்பெனிக்குப் போன் செய்தேன். எடுத்த பெண் மனப்பாடம் செய்ததை ஒப்பிப்பதுபோலச் சொன்னாள்: "மேடம், ரவுட்டர் பின்னாடி சின்னதா ஒரு ஓட்டை இருக்கும். ஊக்கு மாதிரி ஏதாவது வச்சு, லைட் எல்லாம் அணைஞ்சு எரியிற வரைக்கும் அழுத்திப் பிடிங்க. பழைய செட்டிங்ஸ் எல்லாம் அழிஞ்சிரும். பரவாயில்லையா மேடம்?"

சேலையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். "மேடம், லைன்ல இருக்கீங்களா?" என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். அப்புறம் கூப்பிடுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். அந்த ஓட்டை எங்கே இருக்கிறது, எவ்வளவு அழுத்த வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. உனக்குச் சொல்லிக்கொடுத்தவளே நான்தானே.

நீ போய் மாதங்கள் ஆகிவிட்டன. நான் இன்னும் ஒழுங்காக அழவில்லை அம்மா. அழலாம் என்று உட்கார்ந்தால் கோபம்தான் வருகிறது. "செத்தவங்களுக்காக இருக்கறவங்க மேல கோபப்படக் கூடாது, ஆயிரம்தான் இருந்தாலும் அண்ணன்" என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். அந்த ஆயிரத்தில் இது ஒன்றையும் சேர்த்துத்தான் சொல்கிறார்களா என்று கேட்க ஆசை. நடந்தது அவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. அதனால் உனக்கே எழுதுகிறேன். உனக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் ஒரு தடவை முழுசாக எழுதிப் பார்க்காமல் எனக்கு ஆறாது.

உனக்குக் காது போனபோது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். பட்டாசு ஆலையில் நீ திரி வேலை பார்த்த ஷெட்டுக்குப் பக்கத்து ஷெட் வெடித்தது. உன் மேல் ஒரு கீறல் இல்லை, சத்தம் மட்டும் போய்விட்டது. அதற்குப் பிறகு எங்கள் உதட்டைப் பார்த்துத்தான் பேச்சைப் பிடித்தாய். நான் நர்சாகி, விருதுநகர் பெரிய ஆஸ்பத்திரியில் தீக்காய வார்டில் வேலைக்குச் சேர்ந்து, இங்கேயே வீடு எடுத்துத் தங்கியபோது உனக்கு ஒரு நல்ல போன் வாங்கிக்கொடுத்தேன். நீ சிவகாசிப் பக்கம் விஸ்வநத்தத்தில் அண்ணன் வீட்டில் இருந்தாய். சாயங்காலம் ஆனால் வீடியோவில் வருவாய். மற்றவர்களுக்கு அது ஒரு வசதி. உனக்கு அதுதான் பேச்சு. முகம் தெரியாவிட்டால் நான் சொல்வது ஒன்றுமே உனக்கு இல்லை. அந்த வீட்டுக்குள் டவரும் எடுக்காது. பிள்ளைகள் படிப்புக்காக அண்ணன் போட்ட வைஃபையில்தான் நீ என்னைப் பார்த்தாய்.

"தாயி, லைட்டுக்கு நேரா உக்காரு. உதடு தெரியல" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கத்துவாய். உன் குரல் எவ்வளவு பெரிது என்பது உனக்குத் தெரியாது.

தீபாவளி சீசன் நெருக்கத்தில் ஒரு நாள் எங்கள் வார்டுக்குப் பேச்சியம்மாவைக் கொண்டுவந்தார்கள். தாயில்பட்டிப் பெண். என்னைவிடச் சின்னவள். முகம் மட்டும் தப்பியிருந்தது, நினைவும் தெளிவாக இருந்தது. நான் கட்டு மாற்றும்போது அவளாகவே சொன்னாள்: "அக்கா, எங்க மேல தப்பு இல்லக்கா. மழை வருதுன்னு காயப்போட்ட சரக்கை எல்லாம் ரூமுக்குள்ள அள்ளிப் போட்டுட்டு, எங்க அம்புட்டுப் பேரையும் அதுக்குள்ளயே உக்கார வச்சாக. வேணாம்னுதான் சொன்னோம். ஆர்டர் போகணும்னு போர்மேன் சத்தம் போட்டாக."

எந்த ஆலை என்று கேட்டேன். சொன்னாள். அங்கே போர்மேன் யார் என்று நான் கேட்க வேண்டியிருக்கவில்லை அம்மா. நம் வீட்டுச் சோற்றைத் தின்று வளர்ந்த அண்ணன்தான்.

மறுநாள் அவள் போய்விட்டாள். அவளை அடக்கம் செய்த கையோடு ஆலைத் தரப்பில் ஒரு கதை கிளம்பியது. அவள் செல்போனை ஒளித்து உள்ளே கொண்டுபோனாளாம், அதனால்தான் வெடித்ததாம். வார்டு வாசலில் நின்ற அவள் புருஷன், "அவகிட்ட போனே கிடையாது மேடம்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான். செத்துப்போனவள் எழுந்து வந்து மறுக்க மாட்டாள் என்கிற தைரியம். விசாரணைக்கு வந்தவர்கள் கேட்டபோது, அவள் என்னிடம் சொன்னதை அப்படியே சொன்னேன், கையெழுத்தும் போட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை உன்னைப் பார்க்க வந்தேன். அண்ணன் கேட்டைத் திறக்கவே இல்லை. "கூடப் பிறந்தவன காட்டிக் குடுத்துட்டு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வந்த? இனி இந்த வீட்ல உனக்கு யாரும் கிடையாது" என்றான். "அம்மா!" என்று கத்தினேன். தெருவில் எல்லா வீட்டிலும் தலை எட்டிப் பார்த்தது. நீ அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்திருக்கிறாய். ஒரு கேட்டுக்கு அந்தப் பக்கம் நீ, இந்தப் பக்கம் நான். உன் காது கேட்காது என்று தெரிந்துதான் அவன் என்னைக் கத்த விட்டான். பஸ்ஸில் திரும்பி வரும்போது என் தொண்டை கட்டியிருந்தது.

அன்று சாயங்காலம் உனக்கு வீடியோ போட்டேன், போகவில்லை. மறுநாளும் போகவில்லை. நீ அண்ணனிடம் போனைக் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறாய். "பழைய போன்மா, இனி இதுல நெட்டு வராது" என்று உன் முகத்துக்கு நேராக, நீ படிக்கும்படி உதட்டை நன்றாக அசைத்துச் சொல்லியிருக்கிறான். நீ நம்பினாய். பெற்ற மகன் சொன்னால் யார்தான் நம்ப மாட்டார்கள்? மாடிக்கும் கீழுக்கும், கிணற்றடிக்கும் அந்தப் போனைத் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறாய், எங்கேயாவது என் முகம் வருமா என்று. இதை உன் மருமகள், மதினிதான் பிறகு என்னிடம் சொன்னது. பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்களே அம்மா! அவன் கண் முன்னால் நீ போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நடந்திருக்கிறாய், அவன் டிவி பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறான்.

போன்தான் கெட்டுவிட்டது என்று நானும் நினைத்தேன். புதுசு ஒன்று வாங்கி, உங்கள் தெரு முனையில் துணிக்கடை வைத்திருக்கும் மும்தாஜ் அக்காவிடம் கொடுத்துவிட்டேன். அந்த அக்கா அதைத் துணிப்பையில் போட்டு, ஜாக்கெட் துணி காட்ட வந்ததுபோல வந்து உன்னிடம் கொடுத்தது. பிறகு கடைக்கு வரச் சொல்லிப் பழக்கியும் விட்டது. வைஃபை பாஸ்வேர்டைப் பேரப்பிள்ளைகள் போட்டுக்கொடுத்தார்கள். அன்று நீ வந்தாய். அடுத்த நாளும் வந்தாய். "புதுப் போன்ல நீ கொஞ்சம் கறுத்துத் தெரியுற" என்று சிரித்தாய். அதற்கடுத்த நாள் திரும்பவும் நின்றுபோனது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. புதுப் போன் இரண்டே நாளில் கெடாது. எங்கள் ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர் ரூமில் வேலை பார்க்கிற ஒருவரிடம் கேட்டேன். அவர் யோசிக்கக்கூட இல்லை. "மத்த போன்லாம் ஓடுதா? அப்ப ரவுட்டருக்குள்ள போய் அந்தப் போனை மட்டும் நிறுத்தி வச்சிருப்பாக. பிள்ளைக ரொம்ப நேரம் கேம் ஆடுதுன்னு வீட்ல சில பேரு அப்படிச் செய்வாக" என்றார்.

பிள்ளைகளுக்குப் போடுகிற பூட்டை அவன் பெற்றவளுக்குப் போட்டிருக்கிறான். நீ அந்தப் புதுப் போனை வைத்திருப்பதைப் பார்த்து, ஒன்றும் சொல்லாமல், உன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், உட்கார்ந்து அதையும் தேடிப் பிடித்து நிறுத்தியிருக்கிறான். கோபத்தில் கையை ஓங்கியிருந்தால்கூட ஒரு நாள் மறந்திருப்பேன். இது ஆற அமர உட்கார்ந்து செய்த காரியம்.

அந்தத் தீபாவளியும் அப்படியே போனது. உலகமெல்லாம் உங்கள் ஊர் வெடியைப் போட்டுக் கொண்டாடிக்கொண்டிருந்தது. நான் வார்டில் ட்யூட்டி பார்த்தேன்.

தீபாவளி கழிந்து மும்தாஜ் அக்கா உன்னைக் கடைக்குக் கூப்பிட்டு, தன் போனிலிருந்து எனக்கு வீடியோ போட்டது. எத்தனை நாளுக்குப் பிறகு உன் முகம்! கன்னம் ஒட்டியிருந்தது. நீ எடுத்த எடுப்பில், "ரெண்டு போனும் கெட்டுப்போச்சு தாயி. என் கை ராசி அப்படி" என்றாய். அதைக் கேட்டதும் எனக்கு அதற்குமேல் மறைக்க மனம் வரவில்லை.

"போன் கெடலம்மா. அண்ணன் உன் போனுக்கு மட்டும் நெட்டை நிறுத்தி வச்சிருக்கான்."

நீ என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாய். திரும்பச் சொல்லச் சொன்னாய். சொன்னேன். "பிள்ளைக போனு ஓடுதே?" என்றாய். "உன் போனுக்கு மட்டும்மா" என்றேன். ஏன் என்று கேட்டாய்; பேச்சியம்மாவையும், நான் போட்ட கையெழுத்தையும், கேட்டில் நடந்ததையும் சொன்னேன். நீ அழவில்லை. தலைமுடியை அவிழ்த்து இறுக்கிக் கொண்டை போட்டாய். சண்டைக்குப் போகும் முன்னால் நீ அப்படித்தான் செய்வாய்.

மும்தாஜ் அக்கா சொன்னது: "விடுங்கம்மா. தினமும் இங்கன வாங்க, என் போன்ல பேசுங்க. நம்ம கடைதான."

நீ அதற்குச் சொன்ன பதிலை நான் மறக்கவில்லை. "எம் மகளப் பாக்க நான் எதுக்குத்தா அடுத்த வீட்டுக்கு வரணும்? என் வீட்ல என்ன கேடு?"

பிறகு என்னிடம் திரும்பி, "அத எப்படித் திறக்கிறது, சொல்லு" என்றாய். நான் என் வீட்டு ரவுட்டரைக் கழற்றி எடுத்துக் கேமராவுக்கு நேராகப் பிடித்துக் காட்டினேன். ஓட்டையைக் காட்டினேன். ஊக்கை நிமிர்த்தி எப்படி விட வேண்டும், லைட் எல்லாம் அணைந்து திரும்ப எரிகிறவரை எப்படிக் கையை எடுக்காமல் பிடிக்க வேண்டும் என்று காட்டினேன். "ஆனா ஒண்ணும்மா. அமுக்கினா அவன் போட்ட பூட்டு மட்டும் போகாது. லைனுக்கு உள்ள பேரு, நம்பர் எல்லாமே அழிஞ்சிரும். கம்பெனி ஆள் வந்து திரும்பப் போடுற வரைக்கும் வீட்ல ஒருத்தருக்கும் நெட் வராது. அண்ணனுக்குத் தெரிஞ்சிரும்."

"தெரியட்டுமே. தெரியணும்னுதான செய்றேன்" என்றாய்.

மறுநாள் அண்ணன் வேலைக்கும் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கும் போன பிறகு, டிவிக்கு மேலே உயரத்தில் அடித்திருந்த ரவுட்டரை ஸ்டூல் போட்டு ஏறி அமுக்கியிருக்கிறாய். அந்த முழங்காலை வைத்துக்கொண்டு! முதல் தடவை கையைச் சீக்கிரம் எடுத்துவிட்டாய், ஒன்றும் ஆகவில்லை. திரும்ப ஏறியிருக்கிறாய். மதினி அடுப்படியிலிருந்து வந்து பார்த்துவிட்டு, "அத்தே, என்ன செய்றீக? இறங்குங்க" என்று சைகை காட்டியிருக்கிறது. நீ இறங்கவில்லை. லைட் அணைந்தபிறகுதான் இறங்கினாய்.

சாயங்காலம் வீடு இரண்டுபட்டது. பிள்ளைகள் ஒரு பக்கம், ஆலையிலிருந்து போனுக்கு ஆர்டர் போட்டோ வரவில்லை என்று அண்ணன் ஒரு பக்கம். நெட் கம்பெனி லைன்காரர் வந்தார். ரவுட்டரைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "யாரோ ரீசெட் பண்ணிட்டாகளே" என்றார். அவர் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்த நீ, "நாந்தான்யா" என்றாயாம்.

அடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் பாஸ்வேர்டைப் பார்த்து அவர் ரவுட்டருக்குள் போய், லைன் விவரத்தை எல்லாம் திரும்பப் போட்டிருக்கிறார். அண்ணன் பக்கத்தில் போய் மெதுவாக, "முன்ன இருந்த மாதிரியே எல்லாத்தையும் போட்டுருங்க" என்றிருக்கிறான்.

"முன்ன என்னங்க இருந்துச்சு? எல்லாம் அழிஞ்சு போச்சே. நீங்க சொன்னாத்தான் தெரியும்."

"ரெண்டு போனை நிறுத்தி வச்சிருந்தேன்."

"யாரு போனு?"

இதையெல்லாம் மதினிதான் சொன்னது. பிள்ளைகள் நிற்கிறார்கள், பெண்டாட்டி நிற்கிறாள், வெளியாள் நிற்கிறார். யாருக்கும் தெரியாமல் செய்ததை வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருந்தது. அவன் சொல்லாவிட்டால் நீ விடுவாயா? இரண்டு போனையும் கொண்டுவந்து லைன்காரர் முன்னால் வைத்தாய். "இதுதான்யா. என் போனு. காது கேக்காத கிழவி மக முகத்தப் பாக்கக் கூடாதுன்னு எம் மகன் நிறுத்தி வச்சான்."

லைன்காரர் இரண்டு போனையும் எடுத்து உன் கையிலேயே திருப்பிக் கொடுத்தாராம். பிறகு, "சார், நான் லைன் குடுக்கத்தான் வந்தேன். அம்மா போனை நிறுத்துற வேலைக்கு என்னைக் கூப்பிடாதீக" என்றாராம். அண்ணன் பைக்கை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான்.

அப்புறம் அவர் மதினியிடம், "வைஃபைக்குப் பேரு என்ன வைக்க? பழைய பேரே வைக்கவா?" என்று கேட்டிருக்கிறார். அதையும் நீ படித்துவிட்டாய். "பேச்சியம்மான்னு வைங்க" என்றாய். யார் அது என்று அவருக்குத் தெரியவில்லை, சாமி பேர் என்று நினைத்து வைத்துவிட்டார். மதினிக்குத் தெரியும். ரவுட்டருக்குள் போய் எதையும் மாற்றுவதற்கான பாஸ்வேர்டை அவர் புதிதாகப் போட்டு மதினி கையில் கொடுத்தார். மதினி இன்றுவரை அதை அண்ணனிடம் சொல்லவில்லை. "சத்தியமா எனக்கு முன்னாடி தெரியாது. எனக்கும் போனு கெட்டுப்போச்சுன்னுதான் சொன்னாக" என்று என்னிடம் அழுதது. முழுசாக நம்பவும் முடியவில்லை, நம்பாமல் இருக்கவும் முடியவில்லை. அந்தப் பாஸ்வேர்டை அது பிடித்து வைத்திருப்பதற்காகப் பாதி நம்புகிறேன்.

வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்தால் அண்ணன் போன் தானாக அந்தப் பேரோடு ஒட்டிக்கொள்ளும். இரண்டு நாள் வைஃபையை அணைத்து வைத்துப் பார்த்திருக்கிறான். வீட்டுக்குள் டவர் எடுக்காதே, என்ன செய்வான்? திரும்பப் போட்டுக்கொண்டான்.

அந்தக் கார்த்திகையிலிருந்து ஊர்க்கோயில் பங்குனிப் பொங்கல் திருவிழாவுக்குச் சாட்டுவதற்கு முன்பு நீ கண்ணை மூடியதுவரை, ஒரு சாயங்காலம்கூட விடாமல் வந்தாய். வந்தவுடன், "நான் தெரியுறனா?" என்று கத்துவாய். அந்த நாட்கள் எனக்குக் கிடைத்தன. ஆனால் அதற்கு முன்னால் அவன் தின்றுவிட்ட மாதங்களுக்கு யார் பதில் சொல்வது? லைன் விவரத்தைத் திரும்பப் போடலாம், பேர் போடலாம். நீ கிணற்றடியில் போனைத் தூக்கிப் பிடித்து நின்ற சாயங்காலங்களை எவன் வந்து திரும்பப் போடுவான்?

நீ போன அன்று சிவகாசியில் அச்சடித்த கண்ணீர் அஞ்சலி போஸ்டர் தெரு முழுக்க ஒட்டியிருந்தது. ஆர்ட் பேப்பரில், நாலு கலரில். கீழே பெரிய எழுத்தில் அண்ணன் பேர், 'ஆறாத் துயரில் அன்பு மகன்'. என் பேர் இல்லை. அது போகட்டும். உன் படத்தைப் பார்த்தேன். நீ வாயைத் திறந்து சிரித்துக்கொண்டிருக்கிறாய், பின்னால் கேலண்டர் தொங்குகிறது. உன்னைப் படமெடுத்து வைக்க வேண்டும் என்று அவனுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. நீ என்னோடு வீடியோவில் பேசும்போது நான் பிடித்து, மதினிக்கு அனுப்பிய படம் அது. நீ யாரைப் பார்த்துச் சிரித்தாயோ அவள் பேர் மட்டும் அந்தத் தாளில் இல்லை.

இப்போது வழக்கு கோர்ட்டுக்கு வந்திருக்கிறது. அண்ணன் பேரும் அதில் இருக்கிறது. நான் சாட்சி. நேற்று அவனே போன் செய்தான், இத்தனை நாளுக்குப் பிறகு. "நடந்தது நடந்து போச்சு. அவ பாதி மயக்கத்துல சொன்னா, சரியா ஞாபகம் இல்லன்னு சொல்லிரு. அம்மா ஆத்மா சாந்தியடையணும்னா நாம ஒண்ணா இருக்கணும்" என்றான். உன் பேரைச் சொல்லி! உன் கண்ணைக் கட்டி வைத்தவன், உன் சாந்திக்காக என் வாயையும் கட்டச் சொல்கிறான். நான் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் வைத்துவிட்டேன். பேசியிருந்தால் உன் குரலில்தான் கத்தியிருப்பேன்.

வைத்த பிறகு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ரவுட்டரை நீ அமுக்கிய பிறகு திரும்ப வீடியோவில் வந்த முதல் சாயங்காலம் ஞாபகம் வந்தது. சாப்பிட்டாயா, மெலிந்துவிட்டாயா என்று கேட்பாய் என்று காத்திருந்தேன். நீ முகத்தைக் கேமராவுக்குக் கிட்டே கொண்டுவந்து, என் உதட்டைக் கூர்ந்து பார்த்தபடி கேட்டது வேறு.

"அந்தப் புள்ள சொன்னத அப்படியே சொன்னியா?"

"சொன்னேம்மா."

"கூட்டிக் கீட்டிச் சொல்லலியே?"

"இல்லம்மா."

"அண்ணன்னு குறைச்சும் சொல்லலியே?"

"இல்ல."

"அப்ப சரி. கேக்கும்போதெல்லாம் அதையே சொல்லு" என்றாய். பிறகுதான் சாப்பிட்டாயா என்று கேட்டாய்.

திங்கட்கிழமை கோர்ட்டில் என்னைக் கூப்பிடுவார்கள். தாயில்பட்டியிலிருந்து பேச்சியம்மா புருஷனும் வருகிறான். அண்ணன் எதிரே நிற்பான். லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன் அம்மா. அவன் என் உதட்டைப் பார்த்தே தெரிந்துகொள்ளும்படி, ஒவ்வொரு வார்த்தையாக, நிறுத்தி நிறுத்திச் சொல்வேன்.

உன் மகள்